இடது கைப் பிடி

அந்தப் பிடி முதன்முதலில் தளர்ந்தது ஒரு சாதாரணப் பயிற்சி நாளில். மழை விட்டிருந்தது, மைதானம் சேறும் சகதியுமாகக் கிடந்தது. எட்டுப் பெண்கள் இந்தப் பக்கம், எட்டுப் பெண்கள் அந்தப் பக்கம், குனிந்து தலைகளைக் கோத்துக்கொண்டு தள்ளுகிற ஸ்க்ரம் பயிற்சி. அக்காவின் இடது விலாவில், அக்குளுக்குச் சற்றுக் கீழே, தங்கையின் முஷ்டி வழக்கம்போல் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று அது இல்லை. கண்ணை மூடித் திறக்கும் நேரம்தான். மறுபடி வந்து பிடித்துக்கொண்டது. 

ரக்பி தெரியாதவர்களுக்கு அந்த இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஸ்க்ரமின் முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் இருப்பவள் ஹூக்கர். உருட்டிவிடும் பந்தைக் குதிகாலால் பின்னுக்கு இழுப்பது அவள் வேலை. இரண்டு பக்கமும் அவளைத் தாங்கி நிற்பவர்கள் ப்ராப்கள். ஹூக்கரின் இரண்டு கைகளும் அந்த இருவரின் முதுகைச் சுற்றிப்போய் அவர்கள் சட்டையைப் பிடித்திருக்கும். முன்னால் எட்டுப் பேர் தள்ளுகிறார்கள், பின்னால் சொந்த அணிக்காரர்களே தள்ளுகிறார்கள். ஸ்க்ரம் சரிந்தால் ஊன்றிக்கொள்ள அவளுக்குக் கை கிடையாது. தலைதான் முதலில் தரையைத் தொடும். அப்புறம் கழுத்தின் பாடு.

அக்கா இடது பக்க ப்ராப். அணியில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட வயதில் மூத்த கேப்டன்கூட அப்படித்தான் கூப்பிடுவாள். தங்கை ஹூக்கர், அதே இடத்தில் ஆடும் கேப்டனுக்கு மாற்று. சிறு வயதில் ஒல்லியாக, எங்கே போனாலும் குத்திக்கொண்டு திரிந்ததால் வீட்டில் அவளைக் குண்டூசி என்பார்கள். இப்போது ஆட்டுக்கல் மாதிரி இருந்தாள். பெயர் மட்டும் மாறவில்லை.

"கை என்னாச்சு?" என்றாள் அக்கா, குழாயடியில் சேற்றைக் கழுவும்போது.

"எந்தக் கை?"

"என்னைப் பிடிச்சிருந்த கை."

"வழுக்கிடுச்சு. உன் முதுகைச் சுத்தி வர்றதுக்குள்ள எனக்குப் பொழுது விடிஞ்சுடுது. கொஞ்சம் உடம்பைக் குறை, கை எட்டும்."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவைத்தாள். ஆனால் வழுக்குகிற கைக்கும் விட்டுப்போகிற கைக்கும் வித்தியாசம் உண்டு. வழுக்குகிற கை சட்டையை இழுத்துக்கொண்டு போகும். விட்டுப்போகிற கை ஒன்றும் செய்யாது. அந்த இரண்டாவது வகைக் கையை அவள் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருந்தாள்.

அது கொக்குவின் கை. கொக்கு இவர்களுடைய கிளப்பில் முன்பு ஹூக்கராக இருந்தவள். நீளக் கழுத்து, அதனால் அந்தப் பெயர். ஒரு சாயங்காலப் பயிற்சியில் ஸ்க்ரம் சரிந்தது. எல்லோரும் சிரித்தபடி எழுந்தார்கள். கொக்கு எழவில்லை. அழவும் இல்லை. கன்னம் புல்லில் பதிந்திருக்க, மூக்குக்கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டவள் கேட்பது போலக் கேட்டாள்: "அக்கா, என் கை எங்க?"

கை அங்கேயேதான் இருந்தது, அக்காவின் காலடிப் புல்லில்.

கொக்கு இரண்டு வருஷம் கட்டிலில் கிடந்தாள். அக்கா வேலை செய்தது ஒரு லாண்டரியில். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, பிழிந்து, பெரிய உருளையில் விட்டு மடிக்கிற வேலை. வாரம் தவறாமல் போய்க் கொக்குவின் விரிப்புகளை எடுத்துவந்து, மற்றவற்றோடு கலக்காமல் தனியாகத் துவைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். கடைசியில் நெஞ்சில் சளி கட்டி அவள் போய்ச் சேர்ந்தபோது, வீட்டு வாசலில் அவளுடைய அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நீதானே பக்கத்துல இருந்தே? ஒட்டிக்கிட்டுத்தானே இருந்தே? உனக்குத் தெரியலையாம்மா?"

குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.  ஸ்க்ரம் சரிந்த அன்றைக்கு அக்காவுக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை.

இப்போது தெரிகிறது.

குண்டூசி கடைத்தெருவில் ஒரு பெண்கள் சலூனில் முடி வெட்டும் வேலையில் இருந்தாள். நாட்டுக்காக ஆடுகிறவர்கள்தான், ஆனால் ஆட்டம் சோறு போடவில்லை; ஆளுக்கொரு வேலை இருந்தது. அக்கா முடி வெட்டிக்கொள்கிற சாக்கில் சலூனுக்குப் போய் உட்கார்ந்தாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் தங்கையின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீப்பு விழுந்தது. குண்டூசி அதைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு வேறு சீப்பை எடுத்தாள். சற்று நேரத்தில் அதுவும் விழுந்தது.

கல்லாவில் இருந்த முதலாளியம்மா தலையைத் தூக்கினாள். "உங்க தங்கச்சிக்கு இப்ப என்னமோ கவனம் எங்கேயோ இருக்கு. போன வாரம் ஒரு டீச்சரம்மாவுக்கு ஒரு காதுப் பக்கம் மட்டும் முடி மேல ஏறிப்போச்சு. இதுதான் இப்ப புது ஸ்டைல்னு சொல்லி அனுப்பி வெச்சுட்டா. அந்தம்மாவும் நம்பிட்டுப் போயிட்டாங்க, பாவம்!"

அன்று வீட்டில், தோய்த்த துணிகளைக் கொடியில் போடும்போது அக்கா மறித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"எது?"

"நடிக்காதடி. சீப்பு."

குண்டூசி ஒரு துண்டை உதறினாள். உதறின வேகத்தில் அது அவள் இடது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"வரும், போகும்," என்றாள். "கழுத்துலேருந்து கரண்ட் அடிச்ச மாதிரி இறங்கும். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்துடும். அப்புறம் சரியாயிடும். டீம் டாக்டர் கையை அமுக்கச் சொன்னாரு, அமுக்கினேன். 'அம்மாடி, என் விரலை உடைச்சுடாதே'ன்னாரு."

"அன்னைக்குப் பிடி இருந்தது. மரத்துப்போற நாள்ல காட்டு."

"காட்டினா உட்கார வெச்சுடுவாங்க. இந்த ஒரு ஆட்டம்க்கா. ஜெயிச்சா உலகக் கோப்பைக்குப் போறோம். எத்தனை வருஷம் கேப்டனுக்குப் பின்னாடி பெஞ்சுல உட்கார்ந்து பெஞ்சைத் தேய்ச்சிருக்கேன்! இது முடிஞ்சதும் நானே போய்க் காட்டுறேன்."

"கொக்கு..."

"கொக்கை இழுக்காதே." குண்டூசி விழுந்த துண்டை எடுத்தாள். "நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அம்மா மேல சத்தியம் பண்ணு. பண்ணலைன்னா இனி என் மூஞ்சியிலயே முழிக்காதே."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் அங்க என்னடி குசுகுசுன்னு?"

"ஒண்ணுமில்லம்மா. அக்கா கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டா."

"அய்யய்யோ, எந்தப் பாவி மகன்டி மாட்டினான்?"

சிரித்துக்கொண்டே அக்கா சத்தியம் செய்துவிட்டாள். செய்த மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் செய்த காரியம்தான் பெரிய தப்பு. முன்வரிசையில் ஆடியவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய தப்பு. சொல்ல முடியாது, சரி, தாங்கலாம் அல்லவா? தன் வலது கையைத் தங்கையின் இடுப்புக்குக் கீழே இறக்கி, கால்சட்டையின் பட்டியோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்தாள். இடது முழங்கையை உடம்போடு ஒட்டவைத்து, காய்ச்சல் பார்க்கிற கருவியை இடுக்குவதுபோலத் தங்கையின் முஷ்டியைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். விரல்கள் மரத்தாலும் கை நழுவாது. ஸ்க்ரம் கல்லுப்போல நின்றது. வலிக்கிறதா என்று கேட்கும் ஃபிசியோவுக்கும் எதுவும் தெரியவில்லை. கோச் கைதட்டினார். "பாருங்க! ரெண்டு உடம்பு ஒரே உடம்பு மாதிரி. இதைத்தான் நான் சொல்றேன்."

ஆக, தங்கையின் கழுத்தை ஊரார் கண்ணிலிருந்து மறைத்தது அக்காவின் அக்குள்தான். தினமும் பயிற்சி முடிந்து சட்டையைக் கழற்றும்போது விலாவில் பார்ப்பாள். முன்பெல்லாம் அங்கே நாலு விரல் பதிந்து கன்றியிருக்கும். இப்போது இரண்டு விரல் தடம்தான். ஒரு நாள் அதுவும் மங்கலாக இருந்தது. 

ஆட்ட நாள் வந்தது. கேப்டன்தான் ஹூக்கராக இறங்கினாள், குண்டூசி பெஞ்சில். முதல் பாதி முழுக்க அக்கா எதிரணியைப் பற்றிக் கவலைப்படவில்லை. கேப்டன் விழுந்து எழும்போதெல்லாம் ஓடிப்போய்த் தூசி தட்டிவிட்டாள்.

"என்னக்கா, இன்னைக்கு என்மேல இவ்வளவு பாசம்?" என்று கேப்டன் மூச்சிரைக்கச் சிரித்தாள்.

"நீ நல்லா இருக்கணும். அவ்வளவுதான்."

அன்றைக்கு முன்வரிசைக்கு நேரம் சரியில்லை. வலது பக்க ப்ராப்புக்கு முட்டி திரும்பிவிட்டது. அவளுக்குப் பதிலாக வந்தவள் விலாவைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். பெஞ்சில் மிச்சமிருந்த ஒரே ப்ராப் உள்ளே வந்தாள். இரண்டாம் பாதியில் ஒரு மோதலில் கேப்டன் மல்லாந்து விழுந்தாள். எழுந்து நின்றவளுக்குத் தான் எந்தப் பக்கம் ஆடுகிறோம் என்று தெரியவில்லை. அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனார்கள். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே குண்டூசி ஏற்கெனவே குதித்துக்கொண்டிருந்தாள்.

ரெஃபரி அக்காவை அழைத்துச் சொன்னார்: "கேப்டன் போயிட்டாங்க, நீங்கதான் கேட்டுக்கணும். இனி உங்க முன்வரிசையில யார் வெளியே போனாலும் மாத்துறதுக்குப் பழகின ஆள் இல்ல. அப்புறம் ஸ்க்ரம்ல ரெண்டு பக்கமும் தள்ளக் கூடாது. சும்மா குனிஞ்சு பந்தை எடுத்துக்கணும். உங்க பக்கம் ஒரு ஆளும் குறையும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றாள் அக்கா. அந்த வார்த்தைகள் அவள் காதில் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டன.

மூன்று புள்ளி பின்தங்கியிருந்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணியின் கோட்டுக்கு ஐந்து மீட்டர் முன்னால் இவர்களுக்கு ஸ்க்ரம் கிடைத்தது. அரங்கமே எழுந்து நின்றது. எதிரணி முன்வரிசை அன்று முழுக்க இவர்களிடம் நசுங்கியிருந்தது. ஒரே மூச்சில் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டிவிடலாம், தாண்டிப் பந்தை வைத்தால் ஐந்து புள்ளி. எதிரணிக்கும் அது தெரியும். அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது.

"க்ரவுச்," என்றார் ரெஃபரி. குனிந்தார்கள். "பைண்ட்." பிடித்துக்கொண்டார்கள். "செட்!"

மோதிய வேகத்தில் ஸ்க்ரம் சரிந்தது. சரியும்போது அக்காவின் அக்குளில் இடுக்கியிருந்த கை, உறையிலிருந்து உருவுவதுபோல, சத்தமில்லாமல் வெளியே போயிற்று.

விசில். எல்லோரும் எழுந்தார்கள். குண்டூசி எழவில்லை. கன்னம் புல்லில் பதிந்திருந்தது.  'என் கை எங்க' என்று இப்போது கேட்கப்போகிறாள் என்று அந்த உதடுகளையே அக்கா பார்த்தாள்.

குண்டூசி புரண்டு எழுந்து, வாயிலிருந்த புல்லைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "தோட்டக்காரன் புல்லை ஒழுங்கா வெட்டலைக்கா."

"திரும்பவும் ஸ்க்ரம்," என்றார் ரெஃபரி.

மூவரும் மறுபடி ஒட்டி நின்றார்கள். குண்டூசியின் இடது கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவள் யாருக்கும் தெரியாமல் வலது கையால் அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு துணி மூட்டையைத் தூக்கி அலமாரியில் வைப்பதுபோல, அக்காவின் முதுகில் தூக்கி வைத்தாள்.

"இடுக்கிக்கோ," என்று முணுமுணுத்தாள். "கடைசி தடவை. நல்லா இடுக்கிக்கோக்கா."

முதுகில் கிடந்த அந்தக் கையின் கனம் அக்காவுக்குத் தெரிந்தது. தினமும் ஆயிரம் ஈரத் துணியைத் தூக்குகிறவள். எது தானாக நிற்கும், எது தொங்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் ஐந்து பெண்கள் தோள் கொடுக்கத் தயாராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை தள்ளினால் ஜெயிப்பார்கள். இந்தத் தடவை சரிந்தால்? உனக்குத் தெரியலையாம்மா, என்று ஒரு குரல் கேட்டது. உதவிக்கு வேறு யாரையும் கூப்பிட அவளிடம் வாய் இல்லை. அதைத்தான் அம்மாவின் பேரில் அடகு வைத்தாகிவிட்டதே.

"க்ரவுச்."

அக்கா குனிந்தாள். குனிந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து, இடது காலின் ஆடுசதையைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

ஃபிசியோ பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "எங்கக்கா வலிக்குது?"

"இங்க."

"இங்கயா?"

"அங்கயும்தான்."

ஃபிசியோவின் விரல்கள் சதையை அழுத்திப் பார்த்தன. ஒன்றும் கிழியவில்லை, ஒன்றும் இறுகவில்லை. அவள் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது வலி இல்லை என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். என்னவென்று கேட்கவில்லை. கையை உயர்த்தி, முடியாது என்று ரெஃபரிக்குச் சைகை காட்டினாள்.

கோட்டுக்கு வெளியிலிருந்து கோச் கத்தினார். "அக்கா! ஒரே ஒரு ஸ்க்ரம்! நொண்டிக்கிட்டாவது நில்லு, உன் கால்ல விழுறேன்!"

குண்டூசி தலைமாட்டில் நின்றாள். "எழுந்திரு," என்றாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "எழுந்திருடி!" என்றாள். பிறந்ததிலிருந்து அக்காவை அவள் டி போட்டதில்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளைத் தூக்கிப்போனார்கள். ஸ்க்ரம் நடந்தது, யாரும் தள்ளாமல், கும்பிடு போடுவதுபோலக் குனிந்து. பந்து சுலபமாக வெளியே வந்தது. கைமாறிக் கைமாறி ஓரம்வரை போனது. ஓரத்தில் நிற்க வேண்டிய ஆள்தான் குறைந்திருந்தாள். பந்து யாருமில்லாத புல்லில் உருண்டு பக்கக் கோட்டைக் கடந்து வெளியேறியது. நீண்ட விசில். எதிரணிப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அழுதார்கள், சந்தோஷத்தில்.

உடைமாற்றும் அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பூட்ஸ் கழற்றும் சத்தம் மட்டும். அக்கா ஒரு மூலையில் காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அவளுடைய கடைசி ஆட்டம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால், ஜெயித்தால் தோளில் தூக்கிச் சுற்றுவதாக இருந்தார்கள். யாரோ வாங்கிவைத்திருந்த மாலை பிளாஸ்டிக் பையிலேயே கிடந்தது. குண்டூசி எழுந்து வந்து எதிரில் நின்றாள். ஐஸ் பையை வெகுநேரம் பார்த்தாள். அது வலது காலில் இருந்தது.

திரும்பிப் போய்விட்டாள்.

வீட்டில் அம்மா கதவைத் திறந்தாள். மகள்கள் ஆடும் நாளில் அவள் டிவி பக்கம் போகமாட்டாள். பக்கத்து வீட்டில் சத்தம் வந்தால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். இருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "தோத்தா என்ன? ரெண்டும் நடந்துதானே வருது," என்று சொல்லி உள்ளே போனாள்.

அதன்பிறகு வீட்டில் பேச்சு அம்மா வழியாகத்தான் நடந்தது.

"அம்மா, குளிக்கிறவங்க சீக்கிரம் வெளியே வரச் சொல்லு."

"நீயே சொல்லேன்டி, கதவுக்கு இந்தப் பக்கம்தானே நிக்கிறே."

"எனக்கு யார்கூடவும் பேச்சு இல்ல."

அக்காவுக்கு வெளியிலும் தலைகாட்ட முடியவில்லை. லாண்டரியில் கூட வேலை செய்கிறவர்கள், "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோச் போனை எடுக்கவில்லை. அதெல்லாம் அவளைச் சுடவில்லை. குண்டூசி அடுத்த வாரம் கிளப் ஆட்டத்துக்குப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அங்கே பக்கத்தில் நிற்கப்போவது வேறு எவளோ. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அக்கா செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுத் தன் விலாவைத் தொட்டுப்பார்த்துக்கொண்டாள். சத்தியத்தை உடைத்துவிடுவது என்று தீர்மானித்தாள். நாளைக்குக் காலையில் டீம் டாக்டருக்குப் போன் செய்வது. மூஞ்சியில் முழிக்காவிட்டால் போகட்டும், மூஞ்சி இருக்கும் அல்லவா?

மறுநாள் காலையில் அடுக்களையில் டம்ளர் உடையும் சத்தம் கேட்டது. அக்கா ஓடினாள். குண்டூசி சிதறிய கண்ணாடிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். சூடான காப்பி அவள் இடது கையெல்லாம் வழிந்து, தோல் சிவந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை, உதறவில்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுடலை," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

அக்கா அந்தக் கையைப் பிடித்துக் குழாயடியில் காட்டினாள். பிறகு செருப்பை மாட்டினாள். குண்டூசியும் மாட்டிக்கொண்டாள். 

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். வயதான டாக்டர் ஒருவர் திரையை இவர்கள் பக்கம் திருப்பி, கழுத்தெலும்புகளுக்கு நடுவே பிதுங்கி நிற்கும் ஒன்றைப் பேனாமுனையால் காட்டினார். அது நரம்பை மட்டும் அமுக்கவில்லை, தண்டுவடத்தையே தொட்டுக்கொண்டிருக்கிறது என்றார்.

"இந்தக் கழுத்தோடவா தள்ளிக்கிட்டு இருந்தீங்க?"

"அடுத்த வருஷம் ஆடலாமா?" என்றாள் குண்டூசி.

"அடுத்த வருஷம் என்ன, எந்த வருஷமும் கிடையாதும்மா. ஆபரேஷன் பண்ணலாம், கை திரும்ப வரலாம். முடி வெட்டலாம், பிள்ளையைத் தூக்கலாம். ஸ்க்ரம் மட்டும் மறந்துடுங்க." பேனாவை மூடினார். "இன்னொரு தடவை சரிஞ்சு விழுந்திருந்தா, நான் இப்படி உட்கார்ந்து உங்ககிட்டப் பேசியிருக்க மாட்டேன்."

குண்டூசி அழவில்லை. நாற்காலியை மெதுவாகப் பின்னால் தள்ளி எழுந்தாள். கதவுவரை போய் நின்று, திரையில் இருந்த அந்தக் கழுத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

மாடிப்படியில் அவள் முன்னால் இறங்கினாள். அக்கா பின்னால். ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்போதுதான் படிகளைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள், ஈரம் பளபளத்தது. அக்காவின் கண் தங்கையின் பின்கழுத்தை விட்டு நகரவில்லை. சலூனில் வேலை செய்கிறவள், தன் கழுத்து முடியைச் சீராக வழித்துவிட்டிருந்தாள். அந்த வெற்றுச் சதையைப் பார்க்கப் பார்க்க அக்காவின் இரண்டு கைகளும் தாமாகவே முன்னால் நீண்டு, தொடாமல், ஒரு சாண் தள்ளி, கூடவே இறங்கின.

குண்டூசி திரும்பாமலே நின்றாள்.

"என்ன, விழுந்தா பிடிக்கிறதுக்கா?"

அக்காவின் கைகள் நீண்டபடியே இருந்தன.

"உனக்குத்தான் கால்ல அடியாச்சே." குரலில் அழுகை முட்டியது, சிரிப்பும். "எந்தக் கால்னு இப்பவாவது முடிவு பண்ணிட்டியா?"

அவள் இடது கையைப் பின்பக்கமாக நீட்டினாள். அக்கா பிடித்துக்கொண்டாள். விரல்கள் திருப்பிப் பிடிக்கவில்லை. அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்து இறுக்கிக்கொண்டு, அடுத்த படியைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க ஈரமா இருக்கு, பார்த்து," என்றாள்.